முதல் பக்கத்தில் இருந்த ஊர்

"பைபிளை அம்மாகூடவே பொதைச்சாச்சுடா."

ஏரவாடா பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த அக்கா தன் தம்பியிடம் சொன்னாள்.

"என்னக்கா சொல்லுத?"

"தினமும் தொட்டுக் கும்பிட்டது. பெட்டிக்குள்ள நெஞ்சுமேல வச்சேன். நீ வந்து சேரதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிட்டுல்லா."

"அதோட முதல் பக்கத்துலதான தாத்தா எழுதி வச்சிருந்தாரு? யாரு எந்த ஊர்ல பிறந்தா, எந்தக் கோயில்ல ஞானஸ்நானம், எல்லாம்."

"நான் ஜெபம்னு நெனச்சேன்."

"அம்மாவும் போயாச்சு. சொந்தம்னு யாராவது இருக்காங்களான்னு தேடலாம்னு பாத்தேன். திருநெல்வேலிப் பக்கம்னு மட்டும் சொன்னா எந்தக் கோயில் ரெஜிஸ்டர்ல பாக்கன்னு அங்க உள்ள பாஸ்டர் கேக்காரு."

"எனக்கு எங்கடா தமிழ் படிக்க வரும்? இங்க மராத்திதான படிச்சோம். பெரிய பண்டிட் மாதிரி பேசாத, உனக்கு மட்டும் வருமா?"

"வராது. தெரிஞ்ச யாருகிட்டயாவது காட்டலாம்னு இருந்தேன்."

என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்திருப்பேன்.

"போட்டோவாவது எடுத்தியா?"

"அன்னைக்கு எடுத்தது ஒண்ணு இருக்கு" என்று அவள் போனை நீட்டினாள். அவன் படத்தில் அம்மாவின் நெஞ்சுமேல் இருந்த பைபிளை இரண்டு விரலால் பெரிதாக்கினான். மங்கிப்போகும் வரை பெரிதாக்கினான்.

"மூடியிருக்கேக்கா" என்றான்.