இரண்டாவது கிளாஸ் சைகோன் கோப்பி

– வெறுங்கையோட வந்துட்டேன்னு நெனச்சிடாதீங்க, சவரியப்பண்ணே. பூவு, பழம், லட்டுன்னு தட்டு நெறைய வெச்சித்தான் கெளம்பினேன். எஸ்டேட்டு கேட்டுல போலீஸ்காரன் தட்டையே புடுங்கிக்கிட்டான்லா. காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுக்குச் சோறு போவுதாம். பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னா, பொண்ணு எந்தக் காட்டுல இருக்குன்னு கேக்குறான்.

– அதனால என்ன, அன்னம்மா தங்கச்சி. ஜாசின்லேருந்து தங்கா பத்து வரைக்கும் பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க பாருங்க, அதுவே போதும். டோரிஸ், கோப்பி என்னாச்சி?

– எறங்குதுப்பா.

– எறங்குதா?

– சொட்டுச் சொட்டாத்தான் எறங்கும், அத்தை. இங்க பாருங்க, கிளாசு மேல தகர வடிகட்டி, அடியில டின்னுப் பாலு. கடையில மாதிரி துணியில ஊத்திப் பிழியறது இல்ல.

– எங்க வீட்டுல கோப்பின்னா கேட்ட ஒடனே வரும்.

– வரும். பாதிக்குப் பாதி வறுத்த சோளம் கலந்திருக்கும்.

– டோரிஸ்.

– உள்ளதத்தானேப்பா சொல்றேன். இது சைகோன் கொட்டை. வெண்ணெ விட்டு வறுத்தது. கருகாம கறுப்பாக்கணும், அதுலதான் இருக்கு கைப்பக்குவம்.

– வாய் நீளந்தான். இருக்கட்டும், படிச்ச பொண்ணு. எம் மவன் ஜார்ஜு ஒன்னைக் கோயில்ல பாத்த அன்னிக்கே சரின்னுட்டான். நானும் சரின்னுட்டா ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம். ஒரு சந்தேகந்தாண்ணே. சைகோன்ல இருந்த நம்ம ஆளுங்க அங்கத்திய பொம்பளைங்கள வெச்சிக்கிட்டிருந்தாங்களாம்லா. பொண்ணு கண்ணும் கொஞ்சம் சின்னதா இருக்கா...

– வெச்சிக்கிட்டு இல்ல, அத்தை. தாலி கட்டிக் குடும்பம் நடத்தினாங்க.

– ஊர்ப் பேச்சு, தங்கச்சி. எம் பொண்டாட்டி புதுச்சேரிக்காரி. சைகோன்லயே தவறிட்டா. பிரெஞ்சுக்காரன் கெளம்பினப்போ நானும் டோரிசும் மட்டுந்தான் கப்பல் ஏறி இங்க வந்தோம். கண்ணு பாருங்க, எங்கம்மா கண்ணு.

– பாவம், தாயில்லாப் புள்ள. நான் எதுக்குக் கேட்டேன்னா, சப்ப மூக்கும் இடுக்குக் கண்ணுமா நாளைக்குப் பேரப்புள்ள வந்து நின்னா? இப்ப இருக்குற கெடுபிடியில சீன மொகத்தப் பாத்தாலே கம்யூனிஸ்டுன்னு போலீஸ்காரன் லாரியில ஏத்துறான். அது நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு? உள்ள யாரோ இருமுறாப்புல இருக்கே.

– வேலைக்கு வர்ற பொம்பள.

– அப்பா.

– கோப்பிய எடுத்துக் குடும்மா. ஆறிடப் போவுது.

– நல்லா கலக்கிக் குடிங்க, அத்தை.

– பாலு புளிக்கல? காட்டுக்குக் கடத்திடக் கூடாதுன்னு கடைக்காரன் டின்னுல ஓட்ட போட்டுத்தானே குடுக்குறான். எங்க வீட்டுல மறுநாளே எறும்பு மொய்க்குது.

– எங்க வீட்டுல மொய்க்காது. அளந்து வாங்கி, தண்ணித் தட்டுல வெச்சிடுவாங்க.

– யாரு?

– குடிங்க, அத்தை.

– சேசுவே.

– எப்படி?

– இரு, பேசாத. இத்தன வருசமா நான் குடிச்சது கோப்பியே இல்ல போலருக்கு. கசக்குதுன்னு மொகத்தச் சுளிக்கப் போனா, அதுக்குள்ள வெண்ணெயா வழுக்கிடுது. இன்னொரு கிளாசு உண்டா?

– உண்டு. காத்திருக்கணும்.

– இருக்கேன்லா. பஸ்ஸு போனா போவட்டும்.

– பாத்தீங்களா தங்கச்சி, எங்க வீட்டுக் கோப்பி பஸ்ஸையே நிறுத்திடும்.

– இந்தாங்க, அத்தை. ரெண்டாவது.

– இது மொதல்ல குடிச்சத விட ஒரு படி மேல. ஏன்டி, நீ கிளாச வாங்கி வெச்சதோட சரி, எங்கூடவேதானே ஒக்காந்திருந்த? அப்ப வறுத்தது, வடிச்சது எல்லாம்?

– உள்ள இருக்குறவங்க.

– அடேயப்பா. அப்ப அவளையும் பொண்ணோட சேத்து அனுப்பிடுங்கண்ணே. எங்க வீட்டு அடுப்படியில ஒரு மூல காலியாத்தான் கெடக்கு.

– அதுக்கென்ன சம்பந்தி, பாக்கலாம்.

– பாக்கலாமா? நீங்களாப்பா சொல்றீங்க?

– ஒன் கால்ல விழுறேன், டோரிஸ். நல்ல எடம். வாயத் தொறக்காத.

– அவங்க எந்த மூலைக்கும் வர மாட்டாங்க, அத்தை. எங்கம்மா. சாவல. இந்தக் கண்ணு அவங்க குடுத்தது. அம்மா, வெளிய வாங்க. ஓலை வாசிக்கணுமா வேணாமான்னு அவங்க மொகத்தப் பாத்தே சொல்லுங்க, அத்தை. தமிழ் நல்லாவே தெரியும். நீங்க பேசினத ஒண்ணு விடாமக் கேட்டுட்டுத்தான் அந்த ரெண்டாவது கிளாசப் போட்டாங்க.