மாலை போட்ட படம்

– நான் உயிரோடதான் இருக்கிறன் எண்டு எத்தினை பேருக்குச் சொல்லுறது, பிள்ளை?

– அம்மா, என்ன நடந்தது? ஏன் உப்பிடி மூச்சு வாங்குறீங்கள்?

– என்ன நடந்ததோ? இங்க கிரின்ஸ்டெட்டில சரோஜினிதேவி செத்துப்போனாளாம். உன்ர கொம்மா! காலமையில இருந்து ஃபோன் அடிச்ச வண்ணம். பாலேந்திரா அண்ணை கனடாவில இருந்து எடுத்து விக்கி விக்கி அழுறார். நான்தான் எடுத்தனான். ஆர் கதைக்கிறது எண்டு கேக்கிறார். செத்தவள்தான் அண்ணை எண்டன். மனுசன் ஃபோனை வைச்சிட்டார்.

– ஆர் அம்மா அப்பிடிக் கதை கட்டினது?

– நீதான், சாரங்கி. ஹொல்ஸ்டெப்ரோவில உங்கட வகுப்பு வைச்ச கண்காட்சிக்குப் புஷ்பராணி போயிருக்கிறாள். அங்க என்ர படம். படத்துக்குத் துணிப்பூ மாலை. முன்னால விளக்கு. அதை அப்பிடியே எடுத்து எங்கட ஆக்களின்ர வாட்ஸ்அப்பில போட்டிட்டாள். கண்டறியாத படிப்பு!

– ஐயோ அம்மா, அது பரீட்சைக்குச் செய்தது. செத்த ஆக்களுக்கு மட்டுமில்லை, உயிரோட இருக்கிறவைக்கும் அப்பிடிப் படம் வைக்கலாம் எண்டு ரீச்சர் சொன்னவ.

– உன்ர ரீச்சருக்கு என்ன தெரியும்? எங்கட ஆக்கள் உயிரோட இருக்கிறவளின்ர படத்துக்கு மாலை போடுறவையோ? சொல்லு பாப்பம்.

– எனக்கு அது தெரியாதம்மா. எங்கட வீட்டில அப்பப்பான்ர படத்துக்கு மாலை போட்டிருக்கு. சின்னனில இருந்து பாக்கிறன், வடிவா இருக்கும். மரியாதைக்குப் போடுறது எண்டுதான் நினைச்சன்.

– நல்ல மரியாதை! மத்தியானம் விமலராணி வந்து வாசல்ல நிக்கிறாள், சட்டியோட. செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாதெண்டு சோறும் மரக்கறியும் சமைச்சுக்கொண்டு வந்தவள். கதவைத் திறந்தது நான். பாவம், என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுபோட்டு, சட்டியையும் தந்திட்டுப் போயிட்டாள்.

– பிறகு?

– பிறகென்ன, சாப்பிட்டம். கத்தரிக்காய் நல்லாத்தான் இருந்தது.

– சிரிப்புக் காட்டாதேங்கோ, அம்மா. படத்தைக் கழட்டுவம் எண்டால் மண்டபம் இண்டைக்குப் பூட்டு. திறப்பு ரீச்சரிட்ட, அவ ஃபோன் எடுக்கிறாவில்லை. புஷ்பராணி அன்ரி அழிச்சாலும் மற்றவை எல்லாருக்கும் அனுப்பியிருப்பினம். எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்ல.

– இங்கிலிஸ் படிக்கவெண்டுதானே ஓர்ஹூஸ் யூனிவர்சிற்றிக்குப் போனனி. இது என்ன பாடம்?

– சிக்கானா கலை. அமெரிக்காவில இருக்கிற மெக்சிகோக்காரரின்ர பிள்ளையள், பொம்பிளையள், அவை செய்தது. வீட்டுச் சாமித்தட்டு மாதிரி ஒண்டை மண்டபத்துக்குள்ள வைப்பினம். தையல் மெசினோட மாரடிச்ச தங்கட அம்மாமாரைப் பெரிசாக் கீறி, சாமிக்குக் கீறிற ஒளிவட்டத்தை அவைக்குக் கீறுவினம்.

– அதைப் படிச்சு உனக்கு என்ன வந்தது? வேலை கிடைக்குமோ?

– கிடைக்காது. வீட்டில இருந்து ஒரு சாமான் கொண்டு வரச் சொன்னா ரீச்சர். நான் உங்கட வேலைச் சப்பாத்தைக் கொண்டு போனன். வலக்கால் ஒரு பக்கம் தேஞ்சுபோய்க் கிடந்தது. முதியோர் இல்லத்தில ஆக்களைத் தூக்கேக்க நீங்கள் அந்தக் காலிலதானே பாரத்தைக் குடுக்கிறீங்கள். எல்லாரும் சுத்தி நிண்டு பாத்தவை. ஒவ்வொரு நாளும் எங்கட வாசல்ல கிடந்த சப்பாத்தம்மா. நானும் அண்டைக்குத்தான் பாத்தனான். எனக்கு அழுகை வந்திட்டுது.

– அதுக்கேன் அழுறாய், விசரி. பழஞ்சப்பாத்து.

– அது இல்லாம வேலைக்கு என்னத்தைப் போட்டுக்கொண்டு போனீங்கள்?

– நான் அதைத் தேடேல்ல. லீவிலதானே நிக்கிறன்.

– இன்னுமோ? கோடை முடிஞ்சுபோச்சே. போன கிழமை எடுக்கேக்கயும் விபோர்க்கில சிநேகிதி வீட்டை நிக்கிறன் எண்டீங்கள்.

– அதை விடு.

– அப்பாக்கு என்னில கோவமோ?

– கோவமில்லை. அந்தப் படத்தை ஃபோனில பாத்தார். எழும்பிப் போய்க் காருக்குள்ள இருக்கிறார். கூப்பிட்டாலும் வாறாரில்லை. அழுறார் போல.

– நீங்கள் முன்னால நிக்கிறீங்கள், பிறகேன் அழ வேணும்?

– அவர் அப்பிடித்தான்.

– நாளைக்கு மண்டபம் திறந்த உடன கழட்டுறன். சத்தியமா அம்மா.

– வேண்டாம். கழட்டாத.

– இவ்வளவு நேரமும் ஏசினீங்களே!

– வேலை உடுப்பில எடுத்ததெண்டாலும் சிரிச்ச முகமா இருக்கு. கொப்பருக்கு உப்பிடி ஒரு படம் தேடி எடுக்கத் தெரியாது.

– அப்பா ஏன் தேட வேணும்?

– விபோர்க்கில எனக்குச் சிநேகிதி ஒருத்தியும் இல்லை, பிள்ளை. நான் நிண்டது ஆஸ்பத்திரியில. கண்காட்சி முடிய அந்த மாலையைக் கசங்காமல் எடுத்து வை, பனி கொட்டமுன்னம் உனக்குத் தேவைப்படும்.