முந்நூற்று இருபது பிக்சல்

படத்தைத் திருத்துவது பெரிய வேலை இல்லை இன்ஸ்பெக்டர் சார். எந்த அளவில், எவ்வளவு தரத்தில் எக்ஸ்போர்ட் செய்து சேமிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மயிலாப்பூரில் பத்து வருடமாகக் கல்யாண ஆல்பம் செய்கிறேன். என் வேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

என் மாமியார் ஜானு மாமிக்கு இரண்டு வருடமாக ஞாபகம் இல்லை. தினம் காலையில் என்னைப் பார்த்து "நீ யாராத்துப் பொண்ணு?" என்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தெருவுக்கு ஓடினால் பிடித்து வருவது எல்லாம் நான். என் கணவர் கிச்சா அவருடைய ஒரே பிள்ளை. ஆபீஸிலிருந்து வந்ததும் "அம்மா சாப்ட்டாளா?" என்று கேட்பார். அதோடு அவர் கடமை முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை தெற்கு மாட வீதிக் கூட்டத்தில் மாமியின் கை நழுவிவிட்டது என்று கிச்சாவிடம் சொன்னேன். நழுவவில்லை. நான்தான் விட்டேன்.

'காணவில்லை' போஸ்டருக்கு எங்கள் கல்யாணப் படத்திலிருந்து மாமியின் முகத்தை எடுத்தேன். மூக்கருகே இருந்த மச்சத்தை அழித்தேன், சுருக்கங்களை நீக்கினேன், நிறத்தைக் கூட்டினேன். இந்த ஊரில் எந்த மாமிக்கு இதைச் செய்யாமல் ஆல்பம் கொடுக்க முடியும்? செய்யாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். பிறகு நீளம் முந்நூற்று இருபது பிக்சல், தரம் நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்தேன். போஸ்டருக்குப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். தொடர்புக்கு என் எண்ணைப் போட்டேன்.

கிச்சா அதைப் பார்த்து அழுதார். "அம்மா எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு வைதேகி. இதையே போட்டுடலாம்."

பெற்றவளின் மச்சம் காணோம் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அவரை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லையே சார்.

ஐந்தாம் நாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேளச்சேரி ரயில் நிலையத்தில் விழுந்து கிடந்த ஒரு மூதாட்டியைச் சேர்த்திருந்தார்கள். கிச்சாவிடம் சொல்லாமல் நான் மட்டும் போனேன். கயல் என்ற நர்ஸ் போஸ்டரோடு நின்றாள்.

"இவங்க மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீதுக்கா. நீங்களே பாத்து சொல்லுங்க."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். மாமி கண் திறந்து என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"வைதேகி, ஆத்துக்குப் போலாமா?"

விரலை விடுவித்துக்கொண்டேன். இவர் என் மாமியார் இல்லை என்று கயலிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பாதி அளவில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். கயலுக்கும் அனுப்பினேன்.

மாமி அதற்கு மேல் இரண்டு நாள்தான் இருந்தார். பெயரில்லாமல் போனார். நான் வருந்தவில்லை. என் பெயர் ஏதோ பழக்கத்தில் வாயில் வந்திருக்கும். அவருக்குத்தான் யாரையும் அடையாளம் தெரியாதே சார்.