மரியநாயகி அக்கா காத்த கல்லறை மேடு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தோட்டத் தலைவர் அழகுமுத்து அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்திருக்கும் என் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நோர்வூட் பக்கம் பிறந்து, இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கொழுந்தெடுத்து, மாதர் சங்கத் தலைவியாக எங்களை ஆட்டிப்படைத்த மரியநாயகி அக்காவை நேற்று அடக்கம் செய்தோம். ஆட்டிப்படைத்த என்றுதான் சொல்கிறேன்! கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு நான் பிந்திப் போனால், "வாங்க கஸ்பர் தம்பி, தூக்கம் கலைஞ்சிருச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

மோட்சத்தைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது. தேயிலை மலையில் கூடக் கொழுந்தெடுக்கும் வேலாயி கேலி செய்வார்: "நாம இருக்கிற லயத்து வீட்டுல கூரை ஒழுகுது. நீங்க மோட்சத்துல வீடு பாத்துக்கிட்டு இருக்கீங்களே அக்கா!"

அக்கா விடுவாரா? "ஆண்டவர் எனக்கு அங்க எடம் வச்சிருக்காரு புள்ள. அந்தத் தைரியத்துலதான் இந்தக் கூரைக்குத் தொரைகிட்ட சண்டைக்குப் போறேன். நீயும் வா!" போனார்கள். தகரம் வந்தது.

மோட்சத்துக்கு ஏங்குகிறவர்கள் இந்த மண்ணைக் கைகழுவிவிட்டார்கள் என்று யார் சொன்னது? முன்பிருந்த துரை அப்படித்தான் நினைத்தார். நம் கல்லறை மேட்டில் தேயிலை நடப்போவதாக, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அறிவித்தார். "செத்தா மோட்சம் போறோம்னு நீங்கதானே சொல்றீங்க? அப்புறம் மண்ணு எதுக்கு?" என்றும் கேட்டார். மீசை வைத்த நாங்கள் அத்தனை பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினோம்.

அக்கா முன்னால் போனார். "அவங்க தூங்குறாங்க தொரை. ஆண்டவர் வந்து எழுப்புவாரு. தூங்குறவங்க பாயை யாராச்சும் உருவுவாங்களா?"

மறுநாள் ஒரு பெண்ணும் கூடை எடுக்கவில்லை. எல்லாரும் மேட்டில் ஏறிக் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்கள். முதலில் ஏறியது யார்? திருநீறு பூசிய நம் வேலாயி! துரை வந்து பார்த்தார், திரும்பிப் போனார்.

மோட்சத்துக்கு அக்கா ஏன் அப்படி ஏங்கினார்? மறைப்பானேன்? காய்ச்சலில் போன அவருடைய ஒரே மகன் ரொஷானும் அந்த மேட்டில்தான் இருக்கிறான். ஆறுதல் சொல்லப்போனவர்களிடம் அக்கா சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "போயிட்டான்னு சொல்லாதீங்க. எனக்கு முன்னாடி போயிருக்கான்." அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரு சொல்லிலும் சந்தேகம் இல்லை. நம்முடைய விசுவாசம் என்பது அதுதானே! பயந்துபோய் மேலே பார்க்கிறவர்கள் அல்ல நாம்; வாக்குக் கொடுத்தவரை நம்பிக் காத்திருக்கிறவர்கள்.

அன்பர்களே, அக்கா கண்மூடியதும் தோட்ட நிர்வாகத்தார் மறுபடியும் தேயிலை நட அந்த மேட்டை அளக்கிறார்கள். அளக்கட்டும்! வரும் சனிக்கிழமை நாம் எல்லாரும் போய் வேலி அடைக்கிறோம். சிலுவை போட்டுக் கோயிலுக்குப் போகிறவர்களும் வாருங்கள், திருநீறு பூசிக் கோவிலுக்குப் போகிறவர்களும் வாருங்கள்.

நேற்று அக்காவை எங்கே கிடத்தினோம்? மகனுக்குப் பக்கத்தில். ஆண்டவர் கூப்பிடும் அந்தக் காலையில் அந்தத் தாய் கண்விழித்ததும் முதலில் ஆண்டவர் முகத்தைப் பார்ப்பார். அப்படியே திரும்பினால், பிள்ளை எழுந்து உட்கார்ந்திருப்பான். அதுவரைக்கும் அந்த மண்ணில் ஒரு மண்வெட்டி விழ விடமாட்டோம்!