ஹேடோ ஒன்று

மின்னி பே கடலோரத்தில் இருக்கும் என் வீட்டுக்குள் துணி ஒழுங்காகக் காயாது, இன்ஸ்பெக்டர் சார். செருப்பை நாலு நாள் போடாமல் விட்டால் பூஞ்சை பூத்துவிடும். அதனால் ஒச்சப்பனின் ரத்தத்தில் ஈஸ்ட் பூஞ்சை வளர்ந்ததைப் பார்த்து நான் பதறவில்லை.

ஒச்சப்பன் ஹேடோ ஜெட்டியில் கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். எங்கள் ஆஸ்பத்திரி ஐசியூவில் காய்ச்சலோடு கிடந்தார். நான் அங்கே லேப் டெக்னீஷியன். சோதனைத் தட்டில் வளர்ந்தது பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. மரபணுவைப் படித்தபோது என்னிடம் இருந்த பட்டியலில் எதனோடும் பொருந்தவில்லை. புது வகை என்று 'ஹேடோ ஒன்று' எனப் பெயர் வைத்தேன். அவரிடமும் சொன்னேன்.

"அரே வாஹ்! என் பேரையும் சேர்த்துப் போடு தம்பி. எனக்குப் புள்ளகுட்டி கிடையாது."

மருந்து வேலை செய்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மெயின்லேண்டில் இதைச் சரிபார்ப்பவர் டாக்டர் அகிலா. போனில் சொன்னார்: "ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா, லேப்ல கலந்த அழுக்குன்னுதான் எடுத்துக்குவோம் நல்லதம்பி. இன்னும் ரெண்டு பேஷன்ட் வேணும்."

நியாயமான பேச்சு. மூன்று மாதம் காத்திருந்தேன். யாருக்கும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது ஐசியூவில் இரண்டு பேர். ஜங்லிகாட்டில் தையல்கடை வைத்திருந்த பானு அக்கா, சிறுநீரகம் பழுதான ஈஸ்வரன் சார். கண்டபடி ஆள் பிடிக்கவில்லை. இருவருமே ரத்தப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். தட்டில் வளர்த்ததை டிரிப்பில் ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன்.

"இது எதுக்கு தம்பி, தெம்புக்கா?" என்றார் பானு அக்கா.

"ஆமாக்கா."

"டீக் ஹை, சரி, போடு."

நாலாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். ரத்த மாதிரிகளை அனுப்பினேன். பானு அக்கா வியாழக்கிழமை இறந்தார், ஈஸ்வரன் சார் சனிக்கிழமை. ரிசல்ட் வரும்வரை இருந்திருந்தால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

டாக்டர் அகிலா கூப்பிட்டார். "மூணு பேருக்கும் மரபணுல ஒரு எழுத்துகூட மாறல. தானா பரவியிருந்தா இத்தனை நாள்ல அங்கங்க மாறியிருக்கும். இது ஒரே தட்டுல இருந்து போயிருக்கு. என்ன பண்ணினீங்க?"

பதினாறு வருஷ சர்வீஸில் என் வேலை இவ்வளவு சுத்தம் என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொன்னார். அது புது வகையே இல்லையாம். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருப்பதாம். நான் பார்த்த பட்டியல் பழசு.

ஆமாம் சார், இரண்டு பேருக்கும் நான்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் புதிதாக எந்த நோயையும் நான் உண்டாக்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.