இடது பக்கத்து நாற்காலி

எதில்மா: ரொசால்பா, அந்தப் பக்கம் வேணாம்டி. நாற்காலிய இந்தப் பக்கம் போடு...

ரொசால்பா: வீடு என்னோடது, வெல்லத் தண்ணி என்னோடது, உக்கார்ற பக்கம் மட்டும் ஆபீஸ்காரம்மா சொல்லணுமா? சரி, இந்தா, உன் இடது பக்கமே வந்துட்டேன். முதலாளி என்ன குடுத்தனுப்பினாரு?

எதில்மா: உன் கணக்கு. பாக்கிச் சம்பளம், லீவுப் பணம், எல்லாம். இதுல ஒரு கையெழுத்து...

ரொசால்பா: 'நானா விரும்பி வேலைய விட்டு நின்னுட்டேன்'னு போட்டிருக்கு! காதலர் தினத்து ரோஜா பூரா பிளேன் ஏறுற வரைக்கும் வெட்ட வச்சு, மறுநாளே பூந்தோட்டத்து வாசலுக்கு வெளிய நிறுத்தினது யாரு? என் ஆவியா?

எதில்மா: கத்தாதடி...

ரொசால்பா: எந்தக் கையால போட? இந்த மணிக்கட்டு கத்தரி புடிக்க லாயக்கில்லைன்னுதானே அனுப்பினீங்க? பேனா மட்டும் புடிக்குமாக்கும்!

எதில்மா: அரேப்பா ரொட்டிய மட்டும் நல்லாப் புடிக்குதே!

ரொசால்பா: அது வயித்துக்குக் கட்டுப்பட்ட கை.

எதில்மா: விளையாடாத. போட்டா இன்னிக்கே பணம். இல்லன்னா இழுத்தடிப்பாங்க.

ரொசால்பா: போட்டாலும் போடாட்டியும் அது நான் உழைச்ச காசு, குடுத்துத்தான் ஆகணும். கை முடங்கினவள அனுப்பணும்னா தொழிலாளர் அமைச்சகத்துல அனுமதி வாங்கணும். வாங்கினாரா?

எதில்மா: ...இல்ல.

ரொசால்பா: அப்ப என் வேலை இன்னும் என்னோடதுதான். இதுல கையெழுத்துப் போட்டா அதுவும் போச்சு. உனக்குத் தெரியாது?

எதில்மா: தெரியும்.

ரொசால்பா: தெரிஞ்சுமா நீட்டுற? என் பொண்ணுக்கு ஞானத்தாயா நின்னவ!

எதில்மா: பயமா இருக்குடி. வெறுங்கையோட போனா என் மேல கண்ணு விழும். என்னையும் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. அப்புறம்...

ரொசால்பா: அப்புறம் என்ன? வலது காது கேக்கலன்னு தெரிஞ்சுடுமா?

எதில்மா: ...யாரு சொன்னா?

ரொசால்பா: யாரு சொல்லணும்? பஸ்ல, சாப்பாட்டு மேசையில, கோயில்ல... இத்தன வருஷமா உன் இடது பக்கமே உக்கார்றேனே, உன் அழகப் பாக்கவா? இன்னிக்கு வேணும்னேதான் வலது பக்கம் போட்டேன். இப்பவாவது வாயத் திறப்பியான்னு.

எதில்மா: பாவி...

ரொசால்பா: நாளைக்குக் காலைல பொகோட்டா பஸ் ஏறி அமைச்சகத்துக்குப் போறேன். நீ முதலாளிகிட்ட, 'அவ கைக்குப் பேனா புடிபடல'ன்னு சொல்லிடு.

எதில்மா: நான் எங்க சொல்றது? நானும் உன்கூட பஸ்ல இருப்பேனே. அனுமதி வாங்கலன்னு சொல்ல ஆபீஸ்காரி ஒருத்தி வேணாமா? அப்படியே என் காதையும் எழுதிக்கச் சொல்றேன், அப்புறம் என்னையும் அனுமதியில்லாம அனுப்ப முடியாதே. நீ மட்டும்... அங்கயும் இடது பக்கமே உக்காருடி.