நோர்வே சுபாஸ் பூட்டிய ஹீட்டர்

கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து இருங்கள். ஜெனோஜா, அந்த போனைக் கவிழ்த்து வை பிள்ளை, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது எங்கேயோ வாசித்த கதை இல்லை. எங்கள் நிர்மலாவின் மச்சான் சுபாஸ்கரனுக்குப் போன தை மாதம் நடந்தது.

பின்னேரம் ஐந்து மணி. ஐந்துதான்... ஆனால் தை மாதத்து லண்டனில் அது கும்மிருட்டு. அங்கே பார்க்கிங் என்கிற ஊரில் ரோடிங் ஆற்றை ஒட்டி ஒரு ரோட்டுப் போகிறது. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் சாமான் ஸ்ரோர்கள், மறுபக்கம் சேறு. வீடு இல்லை, கடை இல்லை, பஸ்ஸும் வராது. சுபாஸ்கரன் தன் கராஜைப் பூட்டிவிட்டு அந்த வழியால் காரில் வருகிறான். தனியே.

டிக்... டிக்... டிக்...

சீற்றுக்கு அடியிலிருந்து. நகத்தால் தகரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம். அது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். டீசல் ஹீட்டரின் பம்ப். எஞ்சினை நிறுத்தினாலும் வாகனத்துக்குள் சூடு தருகிற ஒரு சின்னப் பெட்டி அந்த ஹீட்டர். சொட்டுச் சொட்டாக டீசலை இழுத்து எரிக்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு டிக்.

சுபாஸ்கரனின் காரில் ஹீட்டர் இல்லை. அது பெற்றோல் கார். அதில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லை.

காலடியில் இளஞ்சூடு வந்தது. பிறகு மணம்... எரிந்த டீசல் மணம், தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. காரை ஓரமாக நிறுத்தி, டோர்ச் அடித்துச் சீற்றுக்கு அடியில் பார்த்தான். ஒரு சொக்லேட் கடதாசி கிடந்தது. சத்தம் நின்றுவிட்டது.

வேறு ஆளென்றால் முருகா முருகா என்று ஓடியிருப்பான். சுபாஸ்கரனுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். நடுரோட்டில் உடுப்பில்லாமல் நிற்கிற வெட்கம். ஏனென்று சொல்கிறேன்.

அவன் லண்டனுக்கு வந்தது நோர்வேயிலிருந்து. அங்கே அவன் பார்த்தது மீன் பக்டரியில் மீன் வெட்டுகிற வேலை. அதில் என்ன குறைச்சல்? ஆனால் இங்கே ஒரு கலியாண வீட்டில் யாரோ கேட்டபோது, "அங்கை எனக்குக் கார்களுக்கை ஹீட்டர் பூட்டிக் குடுக்கிற வேலைதான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். எங்கள் சனத்தைத் தெரியும்தானே. குளிர் நாட்டுக்காரன், குளிரைப் பற்றிப் பிழையாகவா சொல்லுவான்? சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அவன் நோர்வே சுபாஸ் ஆகிவிட்டான். அவனுக்கும் அது இனித்தது. ஒரு சின்ன கராஜையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

அப்படித்தான் கிருஷ்ணராசா வந்தார். மினிகாப், அதுதான் வாடகைக் கார், ஓடுகிறவர். விடியப்புறம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, ஆள் கிடைக்கும் வரை அதற்குள்ளேயே நித்திரை கொள்ளுவார். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருந்தால் கவுன்சில் பைன் அடிக்கும். நிறுத்தினால் கை விறைத்துப்போகும். ஆகவே ஹீட்டர் வேண்டும்.

ஹீட்டர் புகை போக, சீற்றுக்கு நேர் கீழே தரையில் ஓட்டை போட்டு, குழாயை முழுதாக வெளியே விடவேண்டும். சுபாஸ்கரன் டிரில்லை எடுத்தபோது, கூட வந்திருந்த கிருஷ்ணராசாவின் மனைவி நகுலேஸ்வரி குறுக்கே வந்து நின்றாள்.

"ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்த கார், தம்பி. சந்தனமும் காயேல்லை. அதிலை ஓட்டை போட நான் விடமாட்டன்."

வேலை தெரிந்தவன் என்றால், அப்படியானால் ஹீட்டர் பூட்ட ஏலாது அக்கா என்று சொல்லியிருப்பான். இவனுக்கோ அப்படிச் சொல்லலாம் என்பதே தெரியாது. பின்பக்கத் தரையில் ஏற்கெனவே இருந்த ஓட்டை ஒன்றின் ரப்பர் மூடியைக் கழற்றினான். குழாய் அவ்வளவு தூரத்துக்கு எட்டவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்து, கம்பளத்துக்கு அடியில், காருக்குள்ளேயே, பொருத்தி இறுக்கினான். "நோர்வேயிலையும் இப்பிடித்தான்" என்றான். நகுலேஸ்வரி அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே இருந்துவிட்டான். புகைக் குழாயின் பொருத்து ஒருநாளும் வாகனத்துக்குள் வரக்கூடாது. கசிந்தால் அந்தப் புகையின் நஞ்சு நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதற்கு முதல்நாள்தான் கிருஷ்ணராசா போன் எடுத்திருந்தார்: "தம்பி, காருக்குள்ளை படுத்தெழும்பினால் தலை இடிக்குது. சூடு கூடிப்போச்சோ?"

உடனே எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பார்க்கிங் முழுக்கத் தெரிந்துவிடும். நோர்வே சுபாஸ் மீன் வெட்டினவனாம்... நாளைக்குச் சொல்லுவோம், ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக் காரைக் கூப்பிட்டுக் கழற்றுவோம் என்று நாலு நாளைப் போக்கிவிட்டான். மூன்றாம் நாள்தான் அந்த டிக் டிக் கேட்டது.

அடுத்த நாள். அதே ரோட்டு. அதே இருட்டு.

டிக்... டிக்...

இம்முறை அவன் நிறுத்தவில்லை. சூடு ஏறியது. டீசல் மணம் வந்தது. அதற்குப் பிறகு... மூச்சு. சளி கட்டிய நெஞ்சிலிருந்து வருகிற, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. இடப்பக்கத்திலிருந்து.

கடைக்கண்ணால் பார்த்தான். பக்கத்துச் சீற்றில் ஒரு ஆள். கம்பளித் தொப்பி. தலை யன்னல் கண்ணாடியில் சரிந்திருந்தது. முகம் அந்தப் பக்கம். நல்ல நித்திரை. அவ்வளவு மூச்சு விட்டும் கண்ணாடியில் ஆவி படியவில்லை.

கிருஷ்ணராசாவும் அப்படி ஒரு தொப்பிதான் போடுவார். அண்ணை போய்விட்டார், நான்தான் கொன்றுவிட்டேன் என்றுதான் சுபாஸ்கரன் நினைத்தான். கழுத்தைத் திருப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, நேரே கிருஷ்ணராசா வீட்டுக்கு ஓட்டினான். வாசலில் நிறுத்திப் பார்த்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மணியை அடித்தான். கதவைத் திறந்தவர் கிருஷ்ணராசா. உடுத்த சாரத்தோடு, புட்டுச் சாப்பிட்ட கையோடு. உயிரோடு.

சுபாஸ்கரன் படியிலேயே இருந்து அழுதான். மீன் பக்டரி, பொய், குழாய், வீடியோ, நாலு நாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். காரில் வந்த ஆளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தப்பிக்கக் கதை விடுகிறான் என்பார்கள்.

நகுலேஸ்வரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாலு நாளும் இந்த மனுசன் விடியக்காலமை அதுக்குள்ளை போய்ப் படுத்தவர். உமக்கு எப்பிடித் தம்பி சோறு இறங்கினது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். எங்கேயாவது புதைந்துபோகலாமா என்று இருந்தது. கிருஷ்ணராசா கையைக் கழுவிவிட்டு வந்து, மெல்லக் கேட்டார்.

"வேறை ஆருக்கும் பூட்டினனியோ?"

அதை அவன் மறந்திருந்தான் என்று சொல்லமுடியாது. நினைக்காமல் இருந்தான், அவ்வளவுதான்.

"ஒராளுக்கு, அண்ணை. உங்கடை காருக்கு முதல். ஆத்தங்கரை ரோட்டு முடியிற இடத்திலை ஒரு வெள்ளைக்காரன், பழைய வான் வண்டிக்குள்ளை குடியிருக்கிறவன். சும்மா பூட்டித் தாறன் எண்டு நான்தான் போய்க் கேட்டனான்."

"ஏன் சும்மா?"

"பழகிறதுக்கு. பிழைச்சாலும் கேக்க ஆளில்லை எண்டு..."

கிருஷ்ணராசா சாரத்தை மாற்றிக்கொண்டு வந்து, சுபாஸ்கரனின் காரில் முன்சீற்றில் ஏறினார். ஆற்றங்கரைக்குப் போகும் வரை அவனை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டு முடிகிற இடம். ஹீட்டரைப் பூட்டிய பிறகு சுபாஸ்கரன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. வான் நின்றது. கண்ணாடி முழுக்க உறைபனி. கதவில் இலைகள் ஒட்டியிருந்தன. கிருஷ்ணராசா தட்டினார். திரும்பவும் தட்டினார்... பிறகு பொலிசுக்குப் போன் அடித்தார்.

வந்து உடைத்துத் திறந்தார்கள். வானின் தரை துருப்பிடித்துச் சல்லடையாகிக் கிடந்தது. புகைக் குழாயின் வாய் அதற்கு நேர் கீழே. அந்த மனிதர் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே போயிருக்கவேண்டும் என்றார்கள். பற்றரி செத்து, டீசல் வற்றி, உள்ளே எல்லாம் கட்டியாக உறைந்துபோயிருந்தது. அவர் தலையில் ஒரு கம்பளித் தொப்பி.

சுபாஸ்கரன் உண்மையைச் சொன்னான். நான்தான் பூட்டினேன், எனக்கு வேலை தெரியாது என்றான். பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள். இறந்தவரின் பெயர் என்ன என்று கேட்டாள்.

தெரியாது. ஒரு முழுநாள் அந்த மனிதரின் படுக்கைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து வேலை செய்திருக்கிறான். அவர் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்திருக்கிறான். அவர் இவன் பெயரைக் கேட்டு, நாலு தரம் சொல்லிப் பார்த்துப் பழகியிருக்கிறார். இவன் கேட்கவில்லை. பொலிஸ்காரி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கிருஷ்ணராசா தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி விட்டுவிட்டார்கள். இருவரும் காருக்கு நடந்தார்கள். கிருஷ்ணராசா முன்கதவைத் திறந்தார். முன்சீற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு சத்தம் வராமல் மெல்லச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினார்.

"ஏன் அண்ணை, முன்னுக்கு இருங்கோவன்."

பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"முன்னுக்கு ஆள் இருக்கு" என்றார் கிருஷ்ணராசா. "இப்பவாவது பேரைக் கேள், தம்பி."